கன்ட்ரி பாடல்களின் பின்கதைகள்: பாட்டு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் தென்கிழக்கில் அப்பலாச்சியன் மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளிலும், அவற்றை ஒட்டிய பருத்தி, புகையிலை நிலங்களிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாடல் மரபே பின்னாளில் 'கன்ட்ரி இசை' எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியே வந்த பாஞ்சோவும் புளூசும், தேவாலயப் பாடல்களும் இதில் ஒன்றாகக் கலந்தன. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இதை 'ஹில்பில்லி' இசை என்று விற்றன. மலைக்காட்டான் என்பது போன்ற இளக்காரம் அந்தச் சொல்லில் உண்டு.

கன்ட்ரி இசையைத் தமிழில் 'நாட்டுப்புற இசை' என்று எழுதுவோர் உளர். இக்கட்டுரையில் அதைத் தவிர்த்திருக்கிறேன். காரணம் இதுதான். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. யார் வேண்டுமானாலும் பாடலாம், மாற்றலாம், கூட்டலாம். கன்ட்ரி பாட்டுக்கோ இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட தாளில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். பணம் அந்தப் பெயரைத் தேடிப் போகும். புகழ்பெற்ற கன்ட்ரி பாடல்களின் பின்கதைகளைக் கிளறிப் பார்த்தால், காதல், பிரிவு, விபத்து ஆகியவற்றுக்கு அடியில், 'இந்தப் பாட்டு யாருடையது?' என்ற வழக்கு பெரும்பாலும் கிடக்கிறது.

பணம் எப்படிப் போகும் என்பதை மாணவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், இசைத்தட்டாக விற்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் படி ஒன்றுக்கு 2 சென்ட் வீதம் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. 2 சென்ட் அற்பத் தொகைதான். தட்டு பத்து லட்சம் விற்றால் அதுவே 20,000 டாலர். இதைப் பெறுபவர் பாடியவர் அல்லர். பாட்டைத் தம் பெயரில் பதிந்துவைத்திருப்பவர்.

பழைய 97ஆம் எண் ரயில்

1903 செப்டம்பர் 27. சதர்ன் ரயில்வேயின் 97ஆம் எண் விரைவு அஞ்சல் ரயில் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அஞ்சல் ரயில் தாமதமானால் அரசுடன் செய்த ஒப்பந்தப்படி நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். அன்று வர்ஜீனியாவின் மன்ரோ நிலையத்துக்கு வந்தபோதே ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தியிருந்தது. அங்கே பொறுப்பேற்ற ஓட்டுநர் ஜோசப் பிராடி, இழந்த நேரத்தை வழியில் ஈடுகட்ட முயன்றார். டான்வில் நகரை நெருங்கும் இறக்கத்தில், வளைவை அடுத்திருந்த ஸ்டில்ஹவுஸ் மரப்பாலத்தில் வண்டி தடம் புரண்டு ஓடையில் விழுந்தது. பிராடி உட்பட 11 பேர் இறந்தனர். நிறுவனம் பழியை வேகத்தின் மீதும், அதாவது இறந்துபோன ஓட்டுநர் மீதும் போட்டது. வேகமாகப் போகச் சொன்னது யார் என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது அல்லவா?

விபத்து நடந்த சில ஆண்டுகளுக்குள் அந்த வட்டாரத்தில் அதைப் பற்றிய பாட்டு உலவத் தொடங்கியது. மெட்டு புதியதன்று. ஹென்றி கிளே ஒர்க் என்பவர் 1865இல் இயற்றிய, திரும்பி வராத கப்பலைப் பற்றிய பாட்டின் மெட்டு அது. கப்பல் போய் ரயில் வந்தது, துயரம் அதேதான். 1923இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த பஞ்சாலைத் தொழிலாளி ஹென்றி விட்டர் இதைப் பாடித் தட்டில் பதிந்தார். அந்தத் தட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு 1924இல் மீண்டும் பாடியவர் வெர்னன் டால்ஹார்ட். ஆப்பராப் பயிற்சி பெற்ற டெக்சாஸ்காரர். அவருடைய இயற்பெயர் மேரியன் டிரை ஸ்லாட்டர். டெக்சாஸில் உள்ள வெர்னன், டால்ஹார்ட் என்ற இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். விட்டரின் உச்சரிப்பு அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஓட்டுநரின் 'ஏர் பிரேக்' போய்விட்டது என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆவரேஜ்' போய்விட்டது என்று பாடிவைத்தார். பொருளில்லாத அந்தச் சொல்லோடுதான் நாடு முழுவதும் பாட்டு பரவியது. விக்டர் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது ஒரு கைதியின் பாட்டு. இரண்டும் சேர்ந்து, பத்து லட்சம் விற்ற முதல் கன்ட்ரி தட்டு என்ற பெயரைப் பெற்றன.

விற்பனை பெருகியதும் ஆசிரியர்களும் பெருகினர். விபத்தில் இறந்தவர்களுள் ஒருவர் தம் உறவினர் என்று சொன்ன பிரெட் லூயியும், சார்லஸ் நோயலும் தாங்கள் வரிகள் கட்டியதாகக் கூறினர். 1927இல் டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ் என்ற வர்ஜீனியாக்காரர், விபத்து இடத்தை நேரில் கண்டு தாமே எழுதிய பாட்டு என உரிமை கோரி, பின்னர் விக்டர் மீது வழக்குத் தொடுத்தார். 1933இல் கீழ்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விக்டர் மேல்முறையீடு செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பிப் பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் ஜார்ஜுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் பார்வையில் அந்தப் பாட்டுக்கு ஓர் ஆசிரியர் இருந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒருவர் மெட்டெடுத்தார், இன்னொருவர் இரண்டு அடி சேர்த்தார், மூன்றாமவர் தவறாகக் கேட்டார். அப்படி வளர்ந்ததை ஒரே பெயருக்குள் அடக்கச் சொன்னால் நீதிமன்றம் திணறாமல் என்ன செய்யும்?

பிரிஸ்டலில் ஒரு தொப்பிக் கிடங்கு

இந்த வழக்குகளை விழிப்புடன் கவனித்தவர் ரால்ஃப் பியர். இசைத்தட்டுத் தொழிலில் ஊறிய அவர், விக்டர் நிறுவனத்திடம் ஒரு விந்தையான ஏற்பாடு செய்துகொண்டார். தமக்குச் சம்பளம் முக்கியமில்லை, தாம் பதியும் பாடல்களின் பதிப்புரிமை தம் கையில் இருக்க வேண்டும் என்பதே அது. ஆனால் ஏற்கெனவே வேறொருவர் பதிந்த பாட்டில் அவருக்கு வருமானம் இல்லை. எனவே பாடகர்களிடம் புதிய பாட்டைக் கேட்டார். அல்லது புதியதாகக் காட்டக்கூடிய அளவுக்கு மாற்றிய பழைய பாட்டைக் கேட்டார்.

1927 ஜூலை இறுதியில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில், ஒரு தொப்பி நிறுவனத்தின் கிடங்கில் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தினார் பியர். ஆகஸ்ட் 5 வரை பதிவு நடந்தது. ஆகஸ்ட் முதல் தேதி வர்ஜீனியா மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கையும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். மேபெல் அப்போது நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி, வயதோ 18. இரண்டு நாளில் 6 பாடல்கள் பதிவாயின. பாட்டுக்கு 50 டாலர், அத்துடன் உரிமைத் தொகையில் ஒரு பங்கு. அதே வாரம் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற முன்னாள் ரயில்வே ஊழியரும் அங்கே முதன்முதலாகப் பாடினார். கன்ட்ரி இசை வரலாற்றின் தொடக்கமாகப் பலர் பிரிஸ்டலைக் குறிப்பிடுவது இதனால்தான்.

தட்டுகள் விற்றன. பியருக்கு மேலும் பாடல்கள் தேவைப்பட்டன. ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டுதான் மனதில் நிற்காது. டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரில் அவர் சந்தித்த லெஸ்லி ரிடில் அந்தக் குறையைத் தீர்த்தார். ரிடில் கறுப்பினக் கிதார் கலைஞர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் அதன் மெட்டு அவரிடம் தங்கிவிடும். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். ஏ.பி. சொற்களை எழுத, ரிடில் மெட்டை நினைவில் சுமந்து வந்து மேபெலுக்கும் சாராவுக்கும் வாசித்துக் காட்டினார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பள்ளி, உணவகம், ரயில் பெட்டி எல்லாம் தனித்தனி. தட்டு நிறுவனங்களும் கறுப்பினத்தவர் பாடியதற்கு ஒரு வரிசை, வெள்ளையர் பாடியதற்கு ஒரு வரிசை என்று பிரித்தே விற்றன. பாட்டு அந்த வேலியைத் தாண்டியது, பெயர் தாண்டவில்லை. 'தி கேனன் பால்' போன்ற பாடல்களைக் கார்ட்டர் குடும்பத்துக்குக் கொடுத்தவர் ரிடில். மேபெலின் கிதார் வாசிப்பிலும் அவரிடம் கற்றது உண்டு. தட்டுகளில் இருந்த பெயரோ ஏ.பி. கார்ட்டர். 1960களில் இசை ஆய்வாளர் மைக் சீகர், மேபெல் சொல்லித்தான் ரிடிலைத் தேடிப்பிடித்துப் பாடவைத்துப் பதிவுசெய்தார். ரிடிலின் பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்தது 1993இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ஏ.பி. கார்ட்டரைத் திருடர் என்று சொல்லிவிடலாமா? அது எளிது; நியாயமாகாது. அவர் தேடி எடுக்காவிட்டால் அவற்றுள் பல பாடல்கள் அந்த மலையிலேயே மறைந்திருக்கும். சட்டம் 'சேகரித்தவர்' என்ற கட்டத்தை வைத்திருக்கவில்லை. 'இயற்றியவர்' என்ற ஒரே கட்டத்தில்தான் பெயரை நிரப்ப வேண்டியிருந்தது. ஆனாலும் ரிடிலின் பெயரையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம் என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

கார்ட்டர் குடும்பத்தின் மிகப் புகழ்பெற்ற 'வைல்ட்வுட் ஃபிளவர்' (1928) ஒரு காட்டுப்பூவைப் பற்றியது. 1860இல் ஜே.பி. வெப்ஸ்டர் இசையமைத்து அச்சிட்ட வரவேற்பறைப் பாட்டு அது. எழுத்தில் இருந்து வாய்க்கு வந்து, அறுபது எழுபது ஆண்டுகள் மலையில் புழங்கியதில் சொற்கள் தேய்ந்து, எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாத பூவெல்லாம் பாட்டில் பூத்துவிட்டன. யாரும் அதைத் திருத்தவில்லை. இன்றும் கிதார் கற்போர் பலருக்கு முதற்பாடம் அந்த மெட்டுதான்.

அவர்கள் 1928இல் பதிந்த 'கீப் ஆன் தி சன்னி சைட்' பாட்டும் கடன் வாங்கியதே. 1899இல் ஏடா பிளென்கார்ன் என்ற பெண்மணி எழுதிய தேவாலயப் பாட்டு. சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய உறவுக்காரப் பிள்ளை, தெருவில் போகும்போதெல்லாம் வெயில் விழும் பக்கமாகத் தள்ளிப்போகச் சொல்வானாம். அதிலிருந்து பிறந்தது என்பார்கள். ஏ.பி. கார்ட்டரின் கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரே மெட்டு, நான்கு பாட்டு

மெட்டுக்கு உரிமையாளர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1929இல் கார்ட்டர் குடும்பம் நீலக்கண் காதலனை நினைத்து ஏங்கும் ஒரு பாட்டைப் பதிந்தது. 1936இல் ராய் அகஃப் அதே மெட்டில் ஒரு பக்திப் பாட்டைப் பதிந்தார். 1952இல் ஹாங்க் தாம்சன் அதே மெட்டில், தன்னை விட்டுவிட்டு மதுக்கடை வாழ்வுக்குப் போன பெண்ணைக் குறைசொல்லும் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாடினார். அது பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் நின்றது.

லூசியானாவைச் சேர்ந்த ஜே.டி. மில்லர் அதே மெட்டில் அதற்கு எதிர்ப்பாட்டு எழுதினார். பெண்கள் கெடுவதற்குக் கடவுள் காரணமல்லர். மணமாகியும் மணமாகாதவர் போலத் திரியும் ஆண்களே காரணம் என்பது அதன் வாதம். பாடியவர் கிட்டி வெல்ஸ். 32 வயது, குழந்தைகளின் தாய், பாட்டுத் தொழிலை ஏறத்தாழக் கைவிடும் நிலையில் இருந்தவர். 1952 மே மாதம் நாஷ்வில்லில் பதிவுக்குப் போனதற்குக் காரணம், சங்க விதிப்படி கிடைக்கும் 125 டாலர். புரட்சி செய்யும் எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. என்.பி.சி. வானொலி இந்தப் பாட்டைத் தடைசெய்தது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையும் முதலில் இடங்கொடுக்கவில்லை. ஆனாலும் தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பெண் பாடகி ஆனார் வெல்ஸ். அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் பெண்களுக்கும் சந்தை உண்டு என்று கணக்குப் போட்டன. ஆண் சொன்ன குற்றச்சாட்டுக்கு அவன் மெட்டிலேயே பதில் கொடுத்தது பொருத்தம்தான். அந்த மெட்டும் அவனுடையதன்று.

கம்பெனிக் கடையின் கடன்

'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டைக் கன்ட்ரி இசையே கேளாதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். இதை எழுதிய மெர்ல் டிராவிஸ் கென்டக்கி மாநிலத்தின் முலன்பர்க் வட்டாரத்தில் பிறந்தவர்; தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அங்கே சுரங்க முதலாளிகள் கூலியைப் பல நேரம் டாலராகத் தராமல் உலோக டோக்கனாகத் தருவார்கள். அந்த டோக்கன் கம்பெனி நடத்தும் கடையில் மட்டுமே செல்லும். விலையைக் கடைக்காரர், அதாவது கம்பெனியே, வைக்கும். குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கூலியைவிடக் கடன் கூடுதலாக நிற்கும். கடன் தீராமல் வேறு வேலைக்குப் போகவும் முடியாது. கடைப் பாக்கி இருப்பதால் தமக்குச் சாவதற்குக்கூட வசதியில்லை என்று தந்தை சொல்லிச் சிரிப்பாராம். டிராவிஸின் அண்ணன் எழுதிய கடிதம் ஒன்றிலும், உழைத்து உழைத்து ஆண்டுக்கு ஆண்டு கடன்தான் ஏறுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. இரண்டையும் கோத்தார் டிராவிஸ்.

பாட்டு பிறந்த சூழல் வேடிக்கையானது. 1946இல் கேபிட்டல் நிறுவனம் அவரிடம் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு ஒன்றைக் கேட்டது. நல்ல பாட்டையெல்லாம் வேறு பாடகர்கள் பாடிவிட்டார்களே என்றார் டிராவிஸ். அப்படியானால் நீயே நாட்டுப்புறப் பாட்டு எழுது என்றது நிறுவனம்! எழுதினார். 1947இல் வெளிவந்த தொகுப்பு பெரிதாக விற்கவில்லை. தொழிலாளர் குறையைப் பாடினாலே கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கும் காலம் அது.

எட்டாண்டுகள் கழித்து, 1955 செப்டம்பரில், டென்னசி எர்னி ஃபோர்டு இதைப் பதிந்தார். இவர் சொந்த ஊரும் பிரிஸ்டல்தான். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஓடியாடியதால் ஒப்பந்தப்படி கேபிட்டலுக்குக் கொடுக்க வேண்டிய பாடல்களைக் கொடுக்காமல் பிந்தியிருந்தார், நிறுவனம் நெருக்கியது. கம்பெனிக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே கம்பெனிக் கடன் பற்றிய பாட்டைப் பாடினார் என்று சொல்லலாம். கலைஞர்களுக்குத் தாளம் காட்ட அவர் விரலைச் சொடுக்க, அந்தச் சொடுக்கு அப்படியே தட்டில் இருக்கட்டும் என்றார் தயாரிப்பாளர் லீ கில்லெட். தட்டின் மறுபக்கமாகவே வெளியிட்டார்கள். நான்கு வாரத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திராதவர்களும் பாடினார்கள். தவணைக் கடனில் வீடும் காரும் வாங்கிய நகரத்துச் சம்பளக்காரர்களுக்கு அது தங்கள் கதையாகவும் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கும் உரிமை கோரியவர் உண்டு. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியும் பாடகருமான ஜார்ஜ் எஸ். டேவிஸ், 1930களிலேயே இதே கருத்தில் தாம் பாட்டுக் கட்டியதாக 1960களில் கூறினார். பெயர் டிராவிஸுடையதாகவே நிலைத்தது.

விற்றவரும் விற்காதவரும்

வறுமையில் பாட்டை விற்றுவிட்டவர்களும் பலர். வில்லி நெல்சன் இளமையில் 'ஃபேமிலி பைபிள்' என்ற பாட்டை 50 டாலருக்கும், 'நைட் லைஃப்' என்ற பாட்டை 150 டாலருக்கும் கொடுத்தார். இரண்டும் பின்னர் பிறர் கையில் பெரும்பணம் ஈட்டின. அவர் எழுதிய 'கிரேசி'யை 1961இல் பேட்சி கிளைன் பாடினார். கார் விபத்தில் விலா எலும்பு முறிந்து தேறிவந்த நேரம். உச்சக் குரலுக்கு மூச்சுப் பிடிக்க முடியவில்லை. இசையை மட்டும் முதலில் பதிந்து, வேறொரு நாள் வந்து பாடிச் சேர்த்தார்.

விற்காதவர் டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில் 12 பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1967 முதல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிப் புகழ்பெற்றார். தனியே போக விரும்பியபோது வாகனர் விடவில்லை. பேசிப் பயனில்லை என்று கண்ட பார்ட்டன் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதி, மறுநாள் வந்து அவர் முன் பாடிக்காட்டினார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' காதலனுக்கு எழுதியதன்று. முதலாளியிடம் விடைபெறும் பாட்டு. வாகனர் கண்கலங்கி, போக ஒப்புக்கொண்டார் என்று பார்ட்டன் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டவர் 1979இல் முப்பது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார் என்பது கதையின் மறுபாதி. அது சமரசத்தில் முடிந்தது.

1974இல் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். பார்ட்டனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பதிவுக்குச் சற்று முன்னதாக எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர் ஒரு நிபந்தனையைச் சொன்னார்: எல்விஸ் பாடினால் பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும். அந்நாளில் எல்விஸ் பாடுவதற்கு எத்தனையோ பேர் அதற்கு இணங்கினர். தம் குடும்பத்துக்குச் சேர்த்துவைக்கும் சொத்து என்று பார்ட்டன் தம் பாடல்களைக் கருதினார், மறுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அழுததாகச் சொல்வார். எல்விஸ் அதைத் தட்டில் பாடவே இல்லை.

1992இல் 'தி பாடிகார்டு' திரைப்படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவருக்கும் பதிப்புரிமை உடையவருக்கும் சேர வேண்டிய தொகை முழுவதும் ஒரே முகவரிக்குச் சென்றது. அந்தப் பணத்தில் நாஷ்வில்லின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகத்தை வாங்கியதாகவும், விட்னி கட்டிய வீடு என்றே அதை நினைத்துக்கொள்வதாகவும் பார்ட்டன் 2021இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார்.